கார் எஞ்சினில் ‘டிக் டிக்’ சத்தம்: காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

எஞ்சின் ஐடிலிங்கில் ஓடும்போது பானெட்டுக்குள்ளிருந்து சீரான ‘டிக் டிக்’ சத்தம் வந்தால், பட்டறைகளில் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது ‘டேப்பட் சத்தம்’, அதாவது வால்வுகளை அமுக்கித் திறக்கும் பாகங்களின் தட்டல் என்பதுதான். பல நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஆயில் குறைந்த எஞ்சினும், புகை கசியும் மேனிஃபோல்டும் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுதி), சரியாக முறுக்கப்படாத பிளக்கும், எந்தக் குறையுமே இல்லாத இன்ஜெக்டரும் (எரிபொருளைப் பீச்சும் பாகம்) ஏறத்தாழ அதே சத்தத்தைத்தான் எழுப்புகின்றன. அதனால் காரணத்தை உறுதி செய்துகொள்ளாமல் ஸ்பேனரை எடுக்கக்கூடாது. டேப்பட்டை இறுக்கிச் சத்தத்தை அடக்குவது எவருக்கும் எளிது. ஆனால் தேவைக்கு மேல் இறுக்கப்பட்ட டேப்பட், சத்தம் போடும் டேப்பட்டைவிடப் பல மடங்கு அதிகமான கேட்டை விளைவிக்கும். சத்தத்தை நிறுத்துவதற்கு முன்னால் அது எங்கிருந்து, எப்போது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதைக் கண்டறியும் வழியைத்தான் இந்தக் கட்டுரை முதலில் விளக்குகிறது. சரிசெய்யும் முறை அதற்குப் பிறகே வருகிறது.

வேலையைத் தொடங்குவதற்கு முன் சில எச்சரிக்கைகள் உண்டு. ஓடும் எஞ்சினுக்கு அருகில் குனியும்போது துப்பட்டா, துண்டு, வேட்டி நுனி, கழுத்துச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் ஆகிய எதுவும் பெல்ட்டின் பக்கம் தொங்கக்கூடாது. பல கார்களில் ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் இயங்குவதால், எஞ்சினை அணைத்த பிறகும் அது தானாகச் சுழலத் தொடங்கலாம். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

முதலில் ஆயிலைப் பாருங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஆயில் கீழே இறங்குவதற்குச் சில நிமிடங்கள் காத்திருந்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுவதுமாகச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க் குறிக்கும் கீழே போயிருந்தால், வளைவில் திரும்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஆயில் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். எஞ்சினின் தலைப்பகுதியில் (ஹெட்) உள்ள வால்வுகளுக்கும் அவற்றை அமுக்கும் ராக்கர்களுக்கும் போதிய அழுத்தத்தில் ஆயில் ஏறாது. முதலில் சத்தம் போடுவது அவைதான். பல கார்களில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் இடையே உள்ள அளவு ஏறத்தாழ 1 லிட்டர் என்பதால், கால் லிட்டர் வீதம் ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். மேல் குறியைத் தாண்டி ஊற்றிவிட்டால் அதுவும் குறைதான்; பிஸ்டன்களால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும், நுரைத்த ஆயிலுக்கு அழுத்தம் நிற்காது, ஆயில் குறைவாக இருந்தபோது வந்த அதே சத்தம் மறுபடியும் வரும்.

அடுத்து ஆயிலின் தரத்தைப் பார்க்க வேண்டும். பழைய எஞ்சின்களுக்கு 20டபிள்யூ-40 போன்ற கெட்டியான ஆயிலும், இன்றைய எஞ்சின்களுக்கு 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலும் பரிந்துரைக்கப்படுகின்றன. ‘கொஞ்சம் கெட்டியான ஆயிலை ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும்’ என்ற யோசனையைப் பலர் சொல்லக் கேட்கலாம். தேய்ந்த பழைய எஞ்சினில் அது சில காலம் சத்தத்தை மறைக்கவும் கூடும். ஆனால் மெல்லிய ஆயிலுக்காக வடிவமைக்கப்பட்ட எஞ்சினில் கெட்டியான ஆயில், காலையில் வண்டியை எடுக்கும்போது மேலே ஏறுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில விநாடிகளில்தான் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டும் அதோடு உரசும் பாகங்களும் மிகுதியாகத் தேயும். கையேட்டில் எந்தத் தரம் குறிக்கப்பட்டிருக்கிறதோ அதையே ஊற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ‘டேப்பட் சத்தத்தைப் போக்கும்’ என்று விற்கப்படும் சேர்மானங்களையும் காரணம் தெரிவதற்கு முன் ஊற்ற வேண்டாம். அவை சத்தத்தின் தன்மையை மாற்றிக் கண்டறிதலைக் கடினமாக்குகின்றன.

டிக் டிக் சத்தத்தோடு டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், அடுத்த பங்க் வரை போகலாம் என்று எண்ணாமல் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுங்கள். அந்த விளக்கு ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தைக் காட்டுவது. அழுத்தம் இல்லாமல் சில நிமிடங்கள் ஓடினாலே பேரிங்குகள் போய்விடும். டிப்ஸ்டிக்கில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால், ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் வேகத்தில் நிமிடத்துக்கு ஒவ்வொரு 1,000 சுற்றுக்கும் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகள் கைக்கணக்காக வைத்திருக்கும் அளவு. உங்கள் எஞ்சினுக்குரிய சரியான அளவு அதன் பழுதுநீக்கக் கையேட்டில் இருக்கும்.

சத்தம் எப்போது வருகிறது?

நின்றுகொண்டிருக்கும் வண்டியில் சத்தம் வருகிறதா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். வண்டி உருளும்போது மட்டும் வந்து, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வராத சத்தம் எஞ்சினைச் சேர்ந்தது அன்று. டயரின் பள்ளத்தில் சிக்கிய ஒரு ஜல்லிக் கல்கூட அப்படிச் சத்தமிடும். கிளட்சை மிதிக்கும்போதோ ஏசியைப் போடும்போதோ மட்டும் சத்தம் வந்து போனால், தேட வேண்டிய இடம் முறையே கிளட்ச் பேரிங்கும் கம்ப்ரசரும் ஆகும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடிகள் மட்டும் சத்தம் வந்து மறைந்தால், ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டேப்பட்டுகளிலிருந்து ஆயில் வடிந்திருக்கிறது என்று பொருள். மலிவான ஆயில் ஃபில்டர்களில், ஆயில் பின்னோக்கி வடிவதைத் தடுக்கும் ரப்பர் வால்வு தரமற்றதாக இருப்பது இதற்கு ஒரு காரணம். அசல் ஃபில்டராக மாற்றினாலே சில வண்டிகளில் இது நின்றுவிடுகிறது.

குளிர்ந்த எஞ்சினில் சில நிமிடங்கள் கேட்டு, எஞ்சின் சூடேறச் சூடேறத் தேய்ந்து மறையும் சத்தத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால் சத்தம் நிற்கிறது. மற்றொன்று, பிஸ்டன் சிலிண்டர் சுவரில் மோதுவது. பிஸ்டன் விரிந்ததும் அதுவும் அடங்கும். இதற்கு நேர்மாறாக, குளிரில் அமைதியாக இருந்து எஞ்சின் நன்றாகச் சூடானதும் தொடங்கும் சத்தம் கவலைக்குரியது. சூட்டில் ஆயில் மெலிந்து அழுத்தம் இறங்குகிறது என்பதையும், பேரிங்குகளிலோ ஆயில் பம்ப்பிலோ தேய்மானம் இருக்கலாம் என்பதையும் அது சுட்டுகிறது.

வேகத்தை எண்ணிப் பார்ப்பது மற்றொரு நல்ல வழி. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு முறைதான் சுற்றும். ஐடிலிங் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு வால்வு நிமிடத்துக்கு 400 முறை, அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 7 முறை திறந்து மூடுகிறது. ஆகவே ஒரே ஒரு டேப்பட் தளர்ந்திருந்தால் விநாடிக்கு ஏழு தட்டல் கேட்கும். கிராங்க் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வரும் சத்தமானால் விநாடிக்கு 13 என்ற அளவில் இருக்கும். காதால் நேரடியாக எண்ணுவது கடினம். கைப்பேசியில் பதிவுசெய்து பாதி வேகத்தில் ஓட்டிக் கேட்டால் விநாடிக்கு மூன்று நான்கா, ஆறு ஏழா என்று எளிதில் பிரித்துவிடலாம். கிராங்க்கின் பாதி வேகத்தில் வந்தால் வால்வுப் பகுதி, ஒரு சிலிண்டரின் புகைக் கசிவு, ஒரு பிளக், ஒரு இன்ஜெக்டர் ஆகியவற்றில் ஒன்று. முழு வேகத்தில் வந்தால் எஞ்சினின் கீழ்ப்பகுதியைச் சந்தேகிக்க வேண்டும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

மெக்கானிக் ஸ்டெத்தாஸ்கோப் சிறந்தது. அது இல்லாவிட்டால் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சின்மீது வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக் கேட்கலாம். பெல்ட், விசிறி, மின்கம்பிகள் இருக்கும் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். வால்வு கவரின் மேல் முன்னிருந்து பின்னாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரே முனையை நகர்த்துங்கள். ஓரிடத்தில் மட்டும் தட்டல் கூர்மையாகக் கேட்டால் அங்கே உள்ள ராக்கரோ டேப்பட்டோதான் காரணம். பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் உடலிலும் வைத்துப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜெக்டர்கள் இயல்பாகவே டிக் டிக் என்றுதான் இயங்கும். எல்லாம் ஒரே மாதிரி ஒலித்தால் அது குறை அன்று. ஒன்று மட்டும் அமைதியாகவோ மாறுபட்டோ ஒலித்தால் அந்த இன்ஜெக்டரையும் அதன் இணைப்பையும் கவனியுங்கள். ஆல்டர்னேட்டரின் உடல், டைமிங் கவர், அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் ஆகியவற்றிலும் இதே முறையில் கேட்டு, எங்கே வலுவாக இருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். உலோகத்தின் வழியாகச் சத்தம் எங்கும் பரவும் என்பதால், ஒரே இடத்தில் கேட்டு முடிவுக்கு வரக்கூடாது.

புகைக் கசிவைக் கேட்பதற்கு உலோகக் கம்பி உதவாது. அரை மீட்டர் நீளமுள்ள ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதருகே பிடித்துக்கொண்டு, மறு முனையை மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் விளிம்பை ஒட்டி, சூடான உலோகத்தைத் தொடாமல் நகர்த்துங்கள். கசியும் இடத்துக்கு நேரே வரும்போது ‘டப் டப்’ என்ற காற்றடிப்பு ஹோஸில் தெளிவாகக் கேட்கும்.

எஞ்சின் சூடேறிய பிறகு பானெட்டின் ஒரு மூலையில் விட்டுவிட்டு மெல்லிய டிக் டிக் வந்தால், பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்குள் விடும் பர்ஜ் சொலினாய்டாக இருக்கலாம். விரலை வைத்தால் துடிப்பு தெரியும். இணைப்பைக் கழற்றினால் நின்றுவிடும். அது தன் வேலையைச் செய்கிறது, விட்டுவிடுங்கள். எஞ்சினை அணைத்த பிறகு சைலன்சர் குழாயிலிருந்து வரும் டிக் டிக் சத்தமும் உலோகம் குளிர்ந்து சுருங்கும் சத்தமே.

பெட்ரோல் எஞ்சினில் இன்னொரு சோதனை மிகவும் பயன்படும். ஐடிலிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மின் இணைப்பாகக் கழற்றி, சில விநாடிகள் கேட்டு, மறுபடி மாட்டுங்கள். ஒரு சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் குறைந்தாலோ மாறினாலோ அது எரிதலின் அழுத்தத்தால் வரும் சத்தம். கனெக்டிங் ராட் பேரிங், பிஸ்டன் மோதல், புகைக் கசிவு ஆகியவை இந்த வகை. எந்தச் சிலிண்டரை நிறுத்தினாலும் சத்தம் மாறவில்லை என்றால் வால்வுப் பகுதியைச் சந்தேகிக்கலாம், ஏனெனில் சிலிண்டரில் எரிதல் நடந்தாலும் நடக்காவிட்டாலும் டேப்பட் தட்டிக்கொண்டுதான் இருக்கும். சோதனையின்போது எஞ்சின் விளக்கு எரியக்கூடும். அதைப் பின்னர் ஸ்கேனரில் அழித்துக்கொள்ளலாம். ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். உயர் மின்னழுத்தம் கையிலும் அடிக்கும், காயிலையும் கெடுக்கும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுக்கும். காமன் ரெயில் டீசல் எஞ்சினில் உயர் அழுத்தக் குழாய்களை ஒருபோதும் தளர்த்திப் பார்க்கக்கூடாது. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது.

பிளக்கும் மேனிஃபோல்டும்

டேப்பட்டைத் திறப்பதற்கு முன் பிளக்குகளைச் சோதிப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். சரியாக முறுக்கப்படாத பிளக்கின் வழியே ஒவ்வொரு அழுத்தத்தின்போதும் வாயு வெளியேறித் தட்டலாகக் கேட்கும். அப்படிப்பட்ட பிளக்கின் அடியில் கருமை படிந்திருக்கும். எஞ்சின் குளிர்ந்த பிறகு கழற்றி, மரையைத் துடைத்து, முதலில் கையாலேயே முழுவதும் முறுக்கி, பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். அலுமினிய ஹெட்டில் பலத்தைக் காட்டினால் மரை கழன்றுவிடும். பிளக் மூடியிலோ காயிலிலோ விரிசல் இருந்தால் மின்பொறி வெளியே தாவி ‘டிக்’ என்று சொடுக்கும். இருட்டில் பானெட்டைத் திறந்து பார்த்தால் நீலப் பொறி கண்ணுக்கே தெரியும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவு, ‘டேப்பட்’ என்று தவறாகக் கருதப்படும் குறைகளில் முதலிடத்தில் இருப்பது. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சத்தம் கூடுவதும், இணைப்பை அடைக்கும் பேக்கிங்கின் ஓரத்தில் விசிறிபோல் பரவிய கரிக் கறை இருப்பதும் அதன் அடையாளங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, உதவியாளர் ஒருவர் கையுறை அணிந்து கனத்த ஈரத்துணியால் சைலன்சர் முனையைச் சில விநாடிகள் மட்டும் அடைத்தால், கசியும் இடத்தில் சீறல் கூடும். காரணம் பெரும்பாலும் எரிந்துபோன பேக்கிங்கோ, மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் உடைந்திருப்பதோதான். சூட்டில் பழகிய நட்டுகள் எளிதில் கழலா. முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிட்டு, குளிர்ந்த எஞ்சினில், முன்னும் பின்னுமாக அசைத்துத் திருப்ப வேண்டும். மேனிஃபோல்டின் முகத்தில் நேரான இரும்பு அளவுகோலை வைத்து, அதன் அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்தாமல் புதிய பேக்கிங் போடுவது வீண். சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் எரியும். இறுக்கும்போது நடுவில் உள்ள நட்டிலிருந்து தொடங்கி இருபுறமும் வெளிநோக்கிச் சென்று, இரண்டு மூன்று சுற்றுகளில் சிறிது சிறிதாக முழு அளவுக்கு வர வேண்டும். ஹெட்டுக்குள் ஸ்டட் உடைந்திருந்தால் அனுபவமுள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள். டிரில் ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்டே கெட்டுவிடும். இந்தக் கசிவைத் தள்ளிப்போடுவது நல்லதன்று, ஏனெனில் அந்தப் புகை ஏசி வழியாக வண்டிக்குள் வர வாய்ப்பிருக்கிறது.

டேப்பட் செட்டிங்

ஆயிலும் பிளக்கும் மேனிஃபோல்டும் சரியாக இருந்து, சத்தம் வால்வு கவரின் அடியிலிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், உங்கள் எஞ்சினில் எந்த வகை டேப்பட் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மாருதி 800, ஆம்னி ஆகியவற்றில் இருந்த 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினில், ராக்கர் ஆர்மின் நுனியில் லாக் நட்டோடு கூடிய அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ இருக்கிறது. அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றுவிட்டாலும், சாலையில் இன்னும் காணப்படும் இந்த எஞ்சின் டேப்பட் செட்டிங் கற்றுக்கொள்வதற்கு மிகப் பொருத்தமானது என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இந்த வேலையைத் தொடங்குவது நல்லது. குளிர்ந்த நிலைக்கும் சூடான நிலைக்கும் கையேடு வேறு வேறு அளவுகளைத் தருகிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. இந்த எஞ்சினுக்குக் குளிர்ந்த நிலை அளவு சுமார் 0.15 மி.மீ. உங்கள் வண்டிக்குரிய கையேட்டிலோ பானெட்டின் அடியில் ஒட்டப்பட்ட தாளிலோ உள்ள அளவே இறுதியானது.

ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் அல்லது த்ராட்டில் வாயைச் சுத்தமான துணியால் மூடி, பிளக்குகள் அனைத்தையும் கழற்றுங்கள். பிளக் இல்லாவிட்டால் எஞ்சினைக் கையால் சுற்றுவது எளிது. வால்வு கவரைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே அதைத் திறக்க வேண்டும். ஆம்னியில் எஞ்சின் முன் இருக்கைகளின் அடியில் இருப்பதால் இருக்கையைத் தூக்கிவிட்டு வேலை செய்ய வேண்டியிருக்கும். அங்கே தரைவிரிப்பிலிருந்து உதிரும் மணல் ராக்கர்களின்மேல் விழாதபடி சுற்றிலும் துணி விரிப்பது நல்லது.

கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, எஞ்சின் இயல்பாகச் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். முதல் சிலிண்டரின் இன்டேக் வால்வு கீழே இறங்கி மறுபடி மேலே வந்து மூடிய பிறகு, பிஸ்டன் உச்சிக்கு வரும்வரை தொடர்ந்து சுற்றுங்கள். பிளக் துளையில் ஒரு நீளமான மூங்கில் குச்சியை விட்டுப் பிடித்திருந்தால், அது மேலே எழும்பி, நின்று, இறங்கத் தொடங்கும் இடம் தெரியும். புல்லியில் உள்ள குறியும் அதை உறுதிசெய்யும். இந்த நிலையில் அந்தச் சிலிண்டரின் இரண்டு ராக்கர்களும் விரலால் அசைத்தால் இலேசாக ஆட வேண்டும். ஒன்று ஆடி மற்றொன்று இறுகி நின்றால், ஒன்று பிஸ்டன் தவறான உச்சியில் (புகையை வெளியேற்றும்போது வரும் உச்சியில்) இருக்கிறது, அல்லது அந்த வால்வுக்கு இடைவெளியே இல்லை. எது என்று தெளிவாக்கிக்கொண்டு மேலே செல்லுங்கள்.

0.15 மி.மீ. ஃபீலர் கேஜ் தகட்டில் இரண்டு சொட்டு ஆயில் தடவி, வால்வுத் தண்டின் நுனிக்கும் ஸ்க்ரூவின் முனைக்கும் இடையே செருகுங்கள். தகடு தடையே இல்லாமல் வழுக்கிச் சென்றால் இடைவெளி அதிகம்; நுழையவே மறுத்தால் குறைவு. லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே தகட்டை முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். தகடு வளையாமல், ஆனால் இரண்டு பக்கமும் யாரோ மெல்லப் பிடித்திருப்பது போன்ற ஒரே சீரான இழுவையோடு நகர வேண்டும். அந்த இழுவை கிடைத்ததும் ஸ்க்ரூ திரும்பாதபடி பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்க்ரூ ஒரு மயிரளவு கூடவே திரும்புவது வழக்கம் என்பதால், இறுக்கிய பிறகு மீண்டும் தகட்டைச் செருகிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாது. ஒரு படி தடித்த தகடு நுழையக்கூடாது, ஒரு படி மெல்லிய தகடு தளர்வாக நுழைய வேண்டும் என்பது கூடுதல் சோதனை.

இந்த எஞ்சினில் எரிதல் வரிசை 1-3-2. அதனால் முதல் சிலிண்டரை முடித்த பிறகு கிராங்க்கை 240 டிகிரி சுற்றினால் மூன்றாவதும், மேலும் 240 டிகிரி சுற்றினால் இரண்டாவதும் உச்சிக்கு வரும். முடிந்ததும் எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றிவிட்டு, எல்லா அளவுகளையும் மறுபடி பாருங்கள். ஸ்க்ரூவின் முனையோ வால்வுத் தண்டின் நுனியோ குழிந்து தேய்ந்திருந்தால், தகடு குழியின் மேலே பாலம்போல் கிடந்து பொய்யான அளவைக் காட்டும். அளவு சரியாக இருந்தும் சத்தம் தொடரும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம், அப்போது ஸ்க்ரூவை மாற்றத்தான் வேண்டும். கவரை மூடும்போது புதிய பேக்கிங் போடுங்கள்.

சரிசெய்த பிறகும் மிக மெல்லிய டிக் டிக் கேட்கத்தான் செய்யும். அதையும் நிறுத்த வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் இறுக்குவதுதான் மிகப் பெரிய தவறு. வால்வு மூடியிருக்கும் நேரத்தில், அதன் விளிம்பு வால்வு சீட்டில் முழுவதும் பதிந்து தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துகிறது. இடைவெளி போதாவிட்டால் வால்வு முழுவதும் மூடாது. எரியும் வாயு அந்த இடுக்கு வழியே சீறிச் சென்று விளிம்பை அரித்துவிடும். எக்ஸாஸ்ட் வால்வு எரிந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான், அதற்கு முன்னால் எந்தச் சத்தமும் எச்சரிக்கையாக வராது. எல்பிஜி, சிஎன்ஜியில் ஓடும் வண்டிகளில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும். வாயு எரிபொருளில் வால்வு சீட் விரைவாகத் தேய்ந்து வால்வு மேலேறுவதால், இடைவெளி நாளாக ஆகக் குறைகிறது. முன்பு இலேசாகச் சத்தமிட்ட கேஸ் வண்டி தானாகவே அமைதியாகிவிட்டால், அது டேப்பட்டை உடனே அளந்து பார்க்க வேண்டிய நேரம்.

ஹைட்ராலிக் டேப்பட் உள்ள எஞ்சின்கள்

இவற்றில் சரிசெய்ய ஸ்க்ரூ இல்லை. ஆயில் அழுத்தமே இடைவெளியை நிரப்புகிறது. இந்தியாவில் ஸ்விஃப்ட் முதல் இண்டிகா விஸ்டா வரை பல கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் இந்த வகையைச் சேர்ந்தது. ஆயில் மாற்றிய பிறகோ வண்டி வெகுநாள் நின்ற பிறகோ உள்ளே காற்று புகுந்து சத்தம் வந்தால், எஞ்சினைச் சூடாக்கி 2,000 முதல் 2,500 சுற்றில் சில நிமிடங்கள் ஓடவிட்டாலே காற்று வெளியேறிவிடும். அப்படியும் நிற்காவிட்டால் டேப்பட்டின் நுண்துளையில் ஆயில் கசடு அடைத்திருக்கலாம். இதற்குக் கடுமையான ஃப்ளஷ் திரவம் ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; பல ஆண்டுக் கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து சம்ப்பில் உள்ள வலையை அடைத்தால் மொத்த எஞ்சினுக்கும் ஆயில் நின்றுவிடும். தரமான ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, வழக்கத்தில் பாதித் தூரம் ஓடியதும் மறுபடி மாற்றுவது மெதுவான வழிதான், ஆனால் பாதுகாப்பானது. கழற்றிப் பார்க்க நேர்ந்தால், எந்த டேப்பட் எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளைக்குத் திரும்பும்படி வரிசையாக அடுக்குங்கள். விரலால் அழுத்தும்போது பஞ்சுபோல் அமுங்குவதைச் சுத்தமான ஆயிலில் அமுக்கிக் காற்றை வெளியேற்றியும் அது கெட்டிப்படாவிட்டால் மாற்ற வேண்டும்.

வாளி வடிவ டேப்பட் உள்ள இரட்டைக் கேம் ஷாஃப்ட் எஞ்சின்களில் ஃபீலர் கேஜால் அளப்பது வரை நீங்களே செய்யலாம். மாற்ற வேண்டுமென்றால் கேம் ஷாஃப்ட்டைக் கழற்றி, மைக்ரோமீட்டரால் அளந்து, தேவையான தடிமனில் டேப்பட்டோ ஷிம்மோ (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) வாங்கிப் போட வேண்டும். டைமிங் ஒரு பல் மாறினாலும் சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் என்பதால், முன் அனுபவம் இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

உடனே நிறுத்த வேண்டிய சத்தங்கள்

ஸ்டார்ட் செய்ததும் டைமிங் கவரின் உள்ளே சங்கிலி உலுக்குவது போன்ற சத்தம் வந்தால், டைமிங் செயினின் டென்ஷனரையும் கைடுகளையும் தாமதமின்றிச் சோதிக்க வேண்டும். செயின் தாண்டிவிட்டால் செலவு ஹெட் வரைக்கும் போகும்.

டிக் என்ற மெல்லிய தட்டலாக இல்லாமல், ‘டொக் டொக்’ என்று கனமாக, எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது கூடும் சத்தம், கனெக்டிங் ராட் பேரிங்கைச் சேர்ந்தது. இன்ஜெக்டர் இணைப்பைக் கழற்றும் சோதனையில் எந்தச் சிலிண்டர் என்பதும் தெரிந்துவிடும். ஆயிலை மெல்லிய துணியில் வடித்து வெயிலில் பார்த்தால், பேரிங் தேய்ந்த எஞ்சினில் வெள்ளிப் பொடிபோல் மின்னும்; செம்பு நிறத் துகள்கள் தெரிந்தால் பேரிங்கின் மேல் பூச்சு முழுவதும் போய் உள் அடுக்கு வரை தேய்ந்திருக்கிறது. இந்த நிலையில் வண்டியை ஓட்டிச் செல்லாமல் கட்டி இழுத்தோ ஏற்றியோதான் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். சத்தத்தோடு ஓட்டினால் ராட் உடைந்து பிளாக்கையே துளைத்துவிடும். அதற்கு முன் நிறுத்தினால் கிராங்க்கைத் தேய்த்துச் சமப்படுத்தி, 0.25 அல்லது 0.50 மி.மீ. அண்டர்சைஸ் பேரிங் போட்டு எஞ்சினைக் காப்பாற்ற வாய்ப்பிருக்கிறது. அந்த வேலை நடக்கும்போது ஆயில் பம்ப்பை அளந்து பார்க்கவும், சம்ப் வலையைக் கழுவவும், கிராங்க்கின் ஆயில் துளைகளைக் கம்பியும் காற்றும் விட்டுச் சுத்தம் செய்யவும் வேண்டும் என்று வேலையை ஒப்படைக்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேரிங் தேய்ந்த துகள்கள் தங்கும் இடம் அந்தத் துளைகள்தான், அவை அங்கேயே இருந்தால் புதிய பேரிங்கும் சில நூறு கிலோமீட்டரில் அதே சத்தத்தைத் தொடங்கிவிடும்.